பலவந்தம் வேண்டாம், குவியல் வேண்டாம்: வீட்டில் ரைஃபிள் தோட்டா நிரப்பத் தொடங்குவோருக்கு

அமெரிக்காவில் ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்கு நிரப்பக் கூட்டரசு உரிமம் எதுவும் தேவையில்லை. மான் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் போகத் தொடங்கிய நம்மவர்கள் சிலர் அடுத்ததாக இதில் கால் வைக்கிறார்கள். நான் தொடங்கியபோது பட்ட பெரிய அவதி, வேண்டிய தகவல் ஓரிடத்தில் கிடைக்காததுதான். தோட்டா நிரப்ப உதவும் பிரஸ் இயந்திரத்தின் கையேடு இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறது. வெடிமருந்துக் கையேடு அளவுப் பட்டியல்களைத் தருகிறது. தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரைப் பற்றிய எச்சரிக்கை பொடி எழுத்தில் ஒரு மூலையில் கிடக்கிறது. விசாவில் இருப்பவருக்கு எது பொருந்தும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. அதனால் பிரைமரை மட்டும் எடுத்துக்கொண்டு, வாங்குவதிலிருந்து அப்புறப்படுத்துவது வரை இங்கே வரிசைப்படுத்துகிறேன். இது முழுக்க அமெரிக்க நிலவரம். நான் இருப்பது டெக்சாஸ் என்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன.

தோட்டாவின் அடிப்பாகத்தில் வட்டமாக ஒரு சிறு உலோக மூடி தெரியுமே, அதுதான் பிரைமர். சிறிய வகை ஒரு பச்சைப் பயறின் அளவுகூட இருக்காது. மெல்லிய உலோகக் கிண்ணம், அதற்குள் துளியளவு வெடிகலவை, அதன்மேல் கால்களுள்ள சிறு அடைகல் ஆகியவைதான் அதன் பாகங்கள். துப்பாக்கியின் அடி ஊசி கிண்ணத்தை நசுக்கும்போது, கலவை அடைகல்லுக்கும் கிண்ணத்துக்கும் இடையில் நெரிபட்டு வெடிக்கிறது. தோட்டாவில் நிரப்பும் புகையற்ற வெடிமருந்து திறந்த வெளியில் தீப்பற்றினால் வேகமாக எரியும், அவ்வளவுதான். ஆனால் பிரைமர் அடி, உரசல், சூடு, தீப்பொறி, நிலைமின்சாரம் ஆகிய எதனாலும் வெடிக்கக்கூடியது. ஒன்று வெடித்தால் கண்ணுக்கும் விரலுக்கும் ஆபத்து. நூறு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கையில் ஒன்று வெடித்தால், மற்றவையும் அதே கணத்தில் சேர்ந்து வெடிக்கலாம். எனவே நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. பிரைமரைப் பலவந்தமாக அழுத்தக் கூடாது. அதைக் குவியலாக வைக்கக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டிலிருந்து பிறந்தவைதான்.

1. முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் ‘தோட்டா’ என்பதன் வரையறைக்குள் முழுத் தோட்டா மட்டுமல்ல, வெற்றுக்கூடு, பிரைமர், குண்டு, வெடிமருந்து ஆகிய நான்கும் தனித்தனியாகவே அடங்கும். அதாவது துப்பாக்கியே இல்லாமல் ஒரு பெட்டி பிரைமரை மட்டும் அலமாரியில் வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் தோட்டா வைத்திருப்பவர்.

எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. நம்மில் பெரும்பாலோருக்குப் பயன்படுவது ஒன்றுதான்: அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகிவிட்டது, தேதிக்காகத்தான் காத்திருக்கிறேன் என்பவர்கள் கவனியுங்கள்: கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நீங்கள் விசாக்காரர்தான்.

டெக்சாஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடியிருப்பவருக்குப் பொது வேட்டை உரிமத்தின் கட்டணம் 25 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும். பதினேழு வயது நிரம்பியவர்கள் அதை இணையத்திலேயே முடித்துவிடலாம். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. நீங்கள் எந்த மாதம் வாங்கினாலும் அந்த உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். மே மாதம் வாங்கி, ‘ஒரு வருடம் செல்லும்’ என்று நினைத்துக்கொண்டிருந்தால், செப்டம்பர் முதல் தேதியே உங்கள் அலமாரியில் இருப்பவை சட்டவிரோதமாகிவிடும். புது உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வரும். அந்த வாரமே வாங்கி, பழையதோடு சேர்த்து ஒரு நகலைக் கோப்பில் வையுங்கள்.

கடையில் பிரைமர் வாங்கும்போது யாரும் விசாவைக் கேட்பதில்லை. கேட்கவில்லை என்பதால் அனுமதி இருக்கிறது என்று பொருளல்ல. இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, நாடுகடத்தலுக்கும் அதுவே காரணமாகும். வருடக்கணக்காகக் காத்திருந்து பெறப்போகிற கிரீன் கார்டை ஒரு பெட்டி பிரைமருக்காகப் பணயம் வைக்காதீர்கள். உங்கள் நிலையில் கொஞ்சமேனும் சந்தேகம் இருந்தால், குடியேற்றச் சட்டத்தோடு துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மாநிலச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். அதையும் அதே அமர்வில் கேளுங்கள்.

நிரப்பிய தோட்டாவை நண்பருக்கு விற்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். விற்பனைக்காகத் தயாரிப்பவருக்குத் தனிக் கூட்டரசு உரிமம் வேண்டும். அதன் கட்டணம் மூன்று ஆண்டுகளுக்கு 30 டாலர்தான் என்றாலும், அதன் பின்னால் வரும் பொறுப்புகள் பொழுதுபோக்குக்காரருக்கு ஏற்றவையல்ல. உங்கள் துப்பாக்கிக்கு மட்டும் நிரப்புங்கள்.

2. வீட்டு ஒப்பந்தமும் அளவு வரம்பும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தால் ஒப்பந்தத்தை எடுத்து ‘அபாயகரமான பொருட்கள்’ என்ற பத்தியைப் படியுங்கள். வெடிபொருள், தீப்பற்றும் பொருள் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கிறது. அப்படி இருந்தால் அங்கே தொடங்காதீர்கள். சொந்த வீடாக இருந்தால், காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைச் சேமித்து வையுங்கள்.

அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் விதித்தொகுப்பு, வீட்டில் வைக்கக்கூடிய பிரைமர்களுக்கு 10,000 என்று வரம்பு வைக்கிறது. புகையற்ற வெடிமருந்து 20 பவுண்டு வரை அதன் சொந்த டப்பாவில் இருக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை வைக்க, ஒரு அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். உங்கள் நகரம் இதைவிடக் கடுமையான விதி வைத்திருக்கலாம். உள்ளூர்த் தீயணைப்பு அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். தொடங்குபவருக்கு ஆயிரம் பிரைமரே தாராளம். விலை ஏறிவிடும் என்ற பயத்தில் வாங்கிக் குவிப்பவர்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள்.

3. எந்த பிரைமர்

ரைஃபிளுக்குப் பெரியது, சிறியது என இரு அளவுகள். பெரியதன் விட்டம் 0.210 அங்குலம், சிறியதன் விட்டம் 0.175 அங்குலம். கைத்துப்பாக்கிக்கான பிரைமர்களும் இதே இரு விட்டங்களில்தான் வருகின்றன. குழப்பம் இங்கிருந்து தொடங்குகிறது.

பெரிய ரைஃபிள் பிரைமர், பெரிய கைத்துப்பாக்கி பிரைமரைவிட உயரமானது. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் வெளியே துருத்தும் அல்லது மிக ஆழத்தில் போய் உட்காரும். சிறிய வகையில் விட்டமும் உயரமும் ஒத்துப்போவதால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ரைஃபிளுக்கானதன் கிண்ணம் தடிமனானது. கைத்துப்பாக்கிக்கான மெல்லிய கிண்ணத்தை ரைஃபிளில் போட்டால், அங்குள்ள அழுத்தத்தில் அது துளைபட்டு, சூடான வாயு பின்பக்கமாகப் பீறிடலாம். ஆகவே உதிரியாகக் கிடக்கும் பிரைமரைப் பார்த்து அடையாளம் சொல்ல முயலாதீர்கள். பெட்டிமேல் எழுதியிருப்பதுதான் அடையாளம்.

இன்னொரு பொறி, ஒரே பெயருள்ள தோட்டாவுக்குப் பிரைமர் உட்காரும் குழி இரண்டு அளவுகளில் இருப்பது. 6.5 கிரீட்மோருக்கு ஹார்னடி நிறுவனத்தின் வழக்கமான கூடு பெரிய பிரைமர் கேட்கும், லாப்புவா நிறுவனத்தின் வழக்கமான கூடு சிறியது கேட்கும். 308 வின்செஸ்டரிலும் சிறிய பிரைமர் கேட்கும் போட்டிக் கூடுகள் உண்டு. துப்பாக்கியின் பெயரை மட்டும் சொல்லிக் கடையில் பிரைமர் வாங்காதீர்கள். கையில் இருக்கும் கூட்டின் குழியைக் காலிப்பர் என்னும் நுண்ணளவுக் கருவியில் அளந்துவிட்டுப் போங்கள்.

மேக்னம் பிரைமர் சாதாரணமானதைவிடச் சூடாக எரியும். அளவுப் பட்டியலில் எந்த பிரைமர் குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். கிடைக்காமல் மாற்ற நேர்ந்தால், பட்டியலில் வெடிமருந்துக்குக் கொடுத்துள்ள தொடக்க அளவிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

4. வாங்குதல்

பிரைமர் நூறு கொண்ட தட்டுகளாக வரும். பத்துத் தட்டு சேர்ந்தது ஆயிரம் கொண்ட ஒரு பெட்டி. அண்மையில் நான் பார்த்த விலைகள் பெரும்பாலும் ஆயிரத்துக்கு 70 முதல் 100 டாலர் வரை. போட்டிக்கென்று விற்கும் வகைகள் அதற்கு மேல்.

இணையத்தில் விலை குறைவாகத் தெரியும். ஆனால் அபாயப் பொருள் கட்டணம் என்று ஒன்று உண்டு. இங்கே எல்லோரும் ‘ஹாஸ்மாட்’ என்றே சொல்வார்கள். பார்சல் ஒன்றுக்கு 20 முதல் 40 டாலர் வரை, அது தவிர அனுப்பும் கூலி தனி. ஆயிரம் பிரைமருக்காக மட்டும் இணையத்தில் வாங்கினால் ஒன்றுக்கு மூன்று நான்கு சென்ட் கூடிவிடும், உள்ளூர்க் கடையே மேல். பிரைமரையும் வெடிமருந்தையும் ஒரே பார்சலில் சேர்த்து ஒரே கட்டணத்தில் அனுப்பும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் நாட்களும் வரும். காத்திருந்து அப்போது வாங்கலாம்.

பார்சல் தரைவழியாகத்தான் வரும். பெரியவர் ஒருவர் கையெழுத்திட்டு வாங்க வேண்டியிருக்கலாம். வீட்டில் ஆள் இருக்கும் நாளில் வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஜூலை மாத வெயிலில் வாசலில் அது நாள் முழுக்கக் கிடக்கக் கூடாது. கடையிலிருந்து காரில் கொண்டுவந்தால் நேரே வீட்டுக்கு வாருங்கள். வழியில் மளிகைக் கடைக்குள் போய் ஒரு மணி நேரம் கழிக்க வேண்டாம்.

பழைய பெட்டியை யாராவது பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னால், அல்லது ஓய்வுபெற்ற ஒருவரின் கராஜ் விற்பனையில் பாட்டிலில் கொட்டிவைத்த பிரைமர் கிடைத்தால், தொடவே வேண்டாம். எந்த வகை, எவ்வளவு பழசு, நனைந்ததா காய்ந்ததா என்று யாருக்கும் தெரியாது.

கருவிச் செலவையும் சொல்லிவிடுகிறேன். பிரைமர் பொருத்தும் கைக்கருவி 40 முதல் 100 டாலர், காலிப்பர் 30 டாலர் அளவில், தாக்குதலைத் தாங்கும் பாலிகார்பனேட் கண்ணாடி 10 டாலருக்கே கிடைக்கும். கண்ணாடியின் காம்பில் ‘இசட்87’ குறி பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மூக்குக் கண்ணாடி இதற்கு மாற்றாகாது.

5. வைக்கும் இடம்

உற்பத்தியாளரின் அட்டைப் பெட்டியும் தட்டும் வெறும் பொட்டலம் அல்ல. ஒரு பிரைமர் வெடித்தாலும் பக்கத்திலிருப்பது தப்பும்படி இடைவெளி கணக்கிட்டுச் செய்தவை. ஃபெடரல் நிறுவனத்தின் பெட்டி மற்றவற்றைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்து ‘இடத்தை அடைக்கிறதே’ என்று சிறிய டப்பாவுக்கு மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. ஊறுகாய் ஜாடி, மாத்திரைக் குப்பி, டிபன் டப்பா எதிலும் கொட்டக் கூடாது. அந்தக் கணமே அது வெடிகுண்டு.

வெடிமருந்தும் பிரைமரும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டாம். துப்பாக்கிப் பெட்டகம் பாதுகாப்பான இடம் என்று தோன்றும், ஆனால் தீ விபத்தில் இறுக மூடிய கனத்த இரும்புப் பெட்டிக்குள் அழுத்தம் கூடி அது பேராபத்தாகிவிடும். பூட்டக்கூடிய மர அலமாரி நல்லது. சாவி குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

டெக்சாஸ் கராஜ் கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் பிரைமர் தானாக வெடித்துவிடாது. ஆனால் வெடிமருந்தும் பிரைமரும் நாளடைவில் தரம் கெடும். வீட்டுக்குள்ளே ஈரமில்லாத, குளிர்ச்சியான அறையில், நீர்ச்சூடாக்கியிலிருந்து தள்ளி வையுங்கள். சமையல் வாயு அடுப்பு, பூஜை விளக்கு இருக்கும் அறையும் கூடாது. வாங்கிய மாதத்தைப் பெட்டிமேல் எழுதினால் பழையதை முதலில் பயன்படுத்தலாம்.

அறையில் ஒரு ஏ.பி.சி. வகைத் தீயணைப்பான் இருக்கட்டும். அது குப்பைக் கூடையில் பிடிக்கும் சிறு தீக்குத்தான். தீ அலமாரியை நெருங்கினால் எல்லோரையும் வெளியேற்றி, 911ஐ அழைத்து, உள்ளே பிரைமரும் வெடிமருந்தும் இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

6. மேசை

கம்பளம் விரித்த அறை வேண்டாம். குளிர்காலத்தில் காற்று வறண்டு, கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுரீரென்று இழுக்கும் நாட்கள் வரும். நைலான், கம்பளி உடைகளைத் தவிர்த்துப் பருத்தி அணியுங்கள். உட்கார்ந்ததும் பிரஸ்ஸின் பூச்சில்லாத இரும்பையோ வேறு உலோகச் சட்டத்தையோ ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மேசைமேல் ஒரே வகை பிரைமர், ஒரே ஒரு தட்டு. மற்றது அலமாரியில் பூட்டியிருக்கட்டும். பிரைமர் பொருத்தும் நேரத்தில் வெடிமருந்து டப்பா மேசையில் இருக்கவே கூடாது. சிகரெட், சாராயம், தொலைக்காட்சி, கைபேசி எதுவும் வேண்டாம். பலகாரத் தட்டு கூடாது என்பதற்குக் காரணம் வேறு, அது பத்தாம் படியில் வருகிறது. காதுக்கும் அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.

7. கூட்டின் குழியைத் தயார் செய்தல்

பிரைமர் குழிக்குள் சுலபமாகப் போகாததற்குப் பெரும்பாலும் கூடுதான் காரணம். ராணுவத் தயாரிப்புக் கூடுகளில், உதாரணமாக லேக் சிட்டி ஆலையின் 5.56, 7.62 கூடுகளில், பழைய பிரைமர் கழலாதிருக்கக் குழியின் விளிம்பை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். பழைய பிரைமரைத் தட்டி எடுத்த பிறகும் அந்த நசுங்கல் விளிம்பில் இருக்கும். புதியதை அழுத்தினால் அது விளிம்பில் மாட்டிச் சாயும், நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள். விபத்துக்கான வழி இதுதான். குழிவிளிம்பைச் சுரண்டும் கருவியோ விரிக்கும் கருவியோ 15 முதல் 120 டாலர் வரை கிடைக்கிறது. ஒரு கூட்டுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

பழைய பிரைமரைத் தட்டி எடுக்கும் முன் கூட்டின் வாய்வழியாக உள்ளே வெளிச்சம் விழச் செய்து பாருங்கள். நடுவில் ஒரு துளை இருந்தால் நமக்கானது. ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருந்தால் அது பெர்டன் என்னும் வேறு வகைக் கூடு, ஒதுக்கிவிடுங்கள். குழியின் அடியில் கரி தடித்துப் படிந்திருந்தால் சுரண்டி எடுங்கள். இல்லாவிட்டால் பிரைமர் அடிவரை இறங்காது.

8. பொருத்துதல்

தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது கைக்கருவிதான். வேகம் குறைவு, ஐம்பது கூட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனால் ஒவ்வொன்றும் உள்ளே இறங்குவதை விரலே உணர்ந்துவிடும். தட்டுக்கும் அழுத்தும் தண்டுக்கும் இடையே தடுப்புக் கதவு உள்ள வகையை வாங்குங்கள். தண்டில் ஒன்று வெடித்தாலும் தட்டிலிருப்பவை சேராது. சில கைக்கருவிகளில் குறிப்பிட்ட பிராண்டு பிரைமரைப் போட வேண்டாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார், அதைப் படியுங்கள்.

கைகளைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிரைமர் கெட்டு, தோட்டா வெடிக்காமல் போகலாம். உற்பத்தியாளரின் தட்டைக் கருவித் தட்டின்மேல் மெதுவாகச் சாய்த்து மாற்றுங்கள். கருவித் தட்டில் வட்ட வட்டமாக வரிகள் இருக்கும். பக்கவாட்டில் லேசாக அசைத்தால் கவிழ்ந்து கிடப்பவை புரண்டு ஒரே பக்கம் பார்க்கும். எல்லாவற்றிலும் அடைகல் ஒரே பக்கமாகத் தெரிகிறதா என்று எண்ணிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பாருங்கள். தலைகீழாக ஒன்று போனால் அழுத்தம் நேரே கிண்ணத்தின் தவறான பக்கத்தில் விழும்.

இனி கூட்டைப் பிடிப்பானில் செருகி, கருவியை முகத்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் பிடித்து, நெம்புகோலை மெல்ல அழுத்துங்கள். முதலில் விளிம்பில் ஒரு சிறு எதிர்ப்பு. பிறகு ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போகும். முடிவில் அடைகல்லின் கால்கள் குழியின் அடியைத் தொடும்போது விரலுக்கு ஒரு மெல்லிய தடை தெரியும். அத்துடன் நிறுத்துங்கள். பத்துக் கூடு போட்டதும் இந்த மூன்று உணர்வும் விரலுக்குப் பழகிவிடும். பிறகு வித்தியாசமாக ஒன்று வந்தால் விரலே சொல்லிவிடும். தொடக்கத்திலேயே வழக்கத்தைவிடப் பலம் கேட்டால் அழுத்தாதீர்கள். நெம்புகோலைத் தளர்த்தி, கூட்டைக் கழற்றிப் பாருங்கள். மறுமுறை கூடுதல் பலத்தோடு முயல்வது இந்த வேலையில் அறவே கூடாது.

ஒவ்வொரு கூட்டின் அடியையும் சுட்டுவிரலால் தடவுங்கள். பிரைமர் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே, 0.003 முதல் 0.005 அங்குலம் வரை தாழ்ந்திருக்க வேண்டும். ஆட்காட்டி விரலுக்கு அது சிறு பள்ளமாகத் தெரியும். துருத்திக்கொண்டிருந்தால் ஆபத்து. ஏ.ஆர்.-15, எம்1 காரண்ட், எஸ்.கே.எஸ். போன்ற அரைத் தானியங்கு ரைஃபிள்களில் அடி ஊசி ஸ்பிரிங் பிடிப்பில்லாமல் தளர்வாக இருக்கும். துருத்திய பிரைமர் இருந்தால், விசையைத் தொடாமலே துப்பாக்கியின் பின்பூட்டு (போல்ட்) மூடும் வேகத்தில் தோட்டா வெடித்துவிடலாம்.

வரிசையாக நிரப்பும் வேக பிரஸ்களில் நூறு பிரைமர் ஒரு குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். குவியல் வேண்டாம் என்ற விதிக்கு அங்கே இயந்திரம் தருகிற பாதுகாப்பு, குழாயைச் சுற்றியுள்ள எஃகுக் கவசம் ஒன்றுதான். கவசத்தைக் கழற்றி ஓட்டாதீர்கள். குழாயில் ஒன்று சிக்கினால் கம்பியால் குத்தித் தள்ளாதீர்கள். குழாயிலும் தட்டிலும் நாளடைவில் வெடிகலவைத் தூள் படியும். ஈரத்துணியால் அவ்வப்போது துடையுங்கள். என் அபிப்பிராயம், முதல் ஆண்டு முழுக்க இந்த வகை பிரஸ் பக்கமே போக வேண்டாம்.

வேலை முடிந்ததும் தட்டில் மிச்சம் இருப்பதை அதே பெட்டிக்குத் திருப்பிவிடுங்கள். கருவிக்குள் விட்டுவைத்தால் அடுத்த மாதம் அது எந்த வகை என்று தெரியாது.

9. ஏதாவது பிசகினால்

தரையில் விழுந்தால்: உடனே வேலையை நிறுத்தித் தேடுங்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து அடித்தால் நிழல் விழுந்து தெரியும். பித்தளைக் கிண்ணம் என்பதால் காந்தத்தை நம்ப முடியாது. மென்மையான துடைப்பத்தால் கூட்டி எடுங்கள். வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது. அதன் விசிறியும் மோட்டார்ப் பொறியும் பிரைமருக்குப் போதும்.

துருத்தியிருந்தால்: கூட்டில் இன்னும் வெடிமருந்து இல்லையென்றால் கருவியில் மறுபடி வைத்து மென்மையாக ஒருமுறை அமர்த்திப் பார்க்கலாம். வெடிமருந்தும் குண்டும் ஏறிவிட்ட தோட்டாவில் அதைச் செய்யவே கூடாது. அதைத் தனியே வைத்து, குண்டைப் பிடித்திழுக்கும் கருவியால் பிரித்துவிடுங்கள்.

சாய்ந்தோ தலைகீழாகவோ போயிருந்தால்: வெடிக்காத பிரைமரைப் பின்னாலிருந்து குத்தி வெளியேற்றுவதைச் செய்யாதீர்கள். பலர் செய்கிறார்கள், கையேடுகள் வேண்டாம் என்கின்றன, நான் கையேட்டின் பக்கம். நேராக அமர்ந்த, ஆனால் வேறு காரணத்தால் வேண்டாத பிரைமராக இருந்தால், வெடிமருந்தும் குண்டும் இல்லாத அந்தக் கூட்டைச் சுடுதளத்தில் உங்கள் துப்பாக்கியிலேயே போட்டு, பாதுகாப்பான திசையில், கண், காதுக் காப்புடன் சுட்டுத் தீர்த்துவிடலாம். சாய்ந்தது, நசுங்கியது என்றால் தனியே ஒதுக்கி, அப்புறப்படுத்தத் தாருங்கள்.

நனைந்திருந்தால்: தண்ணீரிலோ எண்ணெயிலோ ஊறவைத்தால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். காய்ந்ததும் மறுபடி வெடிக்கும் நிலைக்கு வரக்கூடும். வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள், குப்பை லாரி நசுக்கும். காவல்துறையின் அவசரமல்லாத எண்ணிலோ நகரத்தின் அபாயக் கழிவு மையத்திலோ கேளுங்கள். எங்கே, எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்று சொல்வார்கள். கேட்காமல் காரில் எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

10. ஈயம்

பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட பிரைமரைத் தட்டி எடுக்கும்போது விழும் சாம்பல் தூளில் அது அதிகம். கூட்டைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் தூசியிலும் அதுதான். சமையலறையில் இதைச் செய்யாதீர்கள். மேசையில் சாப்பிடக் கூடாது என்றது இதனால்தான். முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவி, சட்டையைத் தனியாகத் துவையுங்கள். மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த துடைப்பம் தூளைக் கிளப்பிவிடும். வீட்டில் கர்ப்பிணியோ தவழும் குழந்தையோ இருந்தால் இந்தப் பகுதி வேலையைத் தள்ளிப்போடுவதே சரி. குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021இல் வைத்த குறிப்பு அளவு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம்தான். அவ்வளவு குறைந்த அளவே கவலைக்குரியது. வருடத்துக்கு ஒருமுறை உங்கள் மருத்துவரிடம் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

11. வீடு மாறும்போதும் ஊருக்குப் போகும்போதும்

சாமான் ஏற்றும் நிறுவனங்கள் பிரைமரையும் வெடிமருந்தையும் எடுப்பதில்லை. சொல்லாமல் பெட்டிக்குள் வைத்து அனுப்பாதீர்கள். சொந்தக் காரில், உற்பத்தியாளரின் பெட்டியிலேயே, வெடிமருந்திலிருந்து தனியாக வைத்துக் கொண்டுபோங்கள். போகிற மாநிலத்தின் சட்டத்தை முன்பே பாருங்கள். தபாலில் அனுப்பவும் முடியாது.

விமானத்தில் பிரைமர் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. முழுத் தோட்டாவைச் சில நிபந்தனைகளோடு செக்-இன்னில் அனுமதிப்பதைப் பார்த்துவிட்டு, பிரைமருக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

இந்தியப் பயணம்தான் நம்மவர்கள் சிக்கும் இடம். சுடுதளத்துக்குக் கொண்டுபோன முதுகுப்பையையே ஊருக்கும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். தோட்டாவின் பாகங்களும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. பைக்கடியில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக விமான நிலையத்தில் வழக்குப் பதிவாகி, பயணத்தைத் தொலைத்து நீதிமன்றம் அலைந்தவர்கள் உண்டு. ‘அறிந்து வைத்திருக்கவில்லை’ என்று உயர் நீதிமன்றங்கள் வழக்கை ரத்து செய்திருக்கின்றன, ஆனால் அதற்குள் விடுமுறையும் விசா தேதியும் போய்விடும். சுடுதளத்துக்கென்று ஒரு பையை ஒதுக்கி, அதை வேறெதற்கும் எடுக்காதீர்கள். ஏற்கெனவே கலந்துவிட்ட பையாக இருந்தால், ஊருக்குக் கிளம்பும் முன் எல்லா அறைகளையும் வெளியே இழுத்து உதறி, தையல் மடிப்புகளை விரலால் தடவிப் பாருங்கள். சட்டைப்பை, ஜாக்கெட்டின் உள்பை, காலணிப் பை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.